தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நிமிடம்

தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், நான் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். வாசலில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவி செய்யப்படும் என்று போர்டு இருக்கும். பிஎச்.டி. செய்கிறவர்கள் வீடு வீடாகவோ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவோ அலைந்து சேர்த்த விவரங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புள்ளியியல் சோதனைகளை ஓட்டி, டேபிள்களாக்கித் தருவோம். அவர்கள் அதைத் தீசிஸின் நான்காவது அத்தியாயத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இது சரியா தவறா என்று நான் யோசித்ததில்லை. எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு வேலை தேடியபோது கிடைத்த வேலை. கோடம்பாக்கத்தில் வீடு. பாலம் ஏறி இறங்கினால் ஆபீஸ்.

டேபிள் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சிக்னிஃபிகன்ட்டா வந்திருக்கா மேடம்?" கிடைத்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று தீசிஸில் எழுதலாமா என்று அர்த்தம். வந்திருக்கிறது என்றால் சிரிப்பார்கள். வரவில்லை என்றால், "வேற ஏதாவது டெஸ்ட் போட்டுப் பாருங்களேன்" என்பார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஐந்து வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் ஒரு அக்கா. அவருக்கு நாற்பது வயசு இருக்கும். என்னைவிட எட்டு ஒன்பது வயசு பெரியவர்.

அவர் சமூகப்பணித் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். ஆற்றோரத்து வீடுகளை எடுத்தபோது அவருடைய குடும்பத்தையும் ஊருக்கு வெளியே கட்டியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே குடியேறிய பெண்கள் பழைய வேலைக்கு எப்படிப் போய் வருகிறார்கள் என்பதுதான் அவருடைய தலைப்பு. நானூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு அவரே படியேறிப் போய், கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் கொடுத்த டேபிள்களை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். வேலைக்குப் போக ஆகற நேரம்னு போட்டிருக்கீங்களே, அதோட சராசரி எப்படி வந்துச்சு?"

"நீங்க கொடுத்த டேட்டாவுல இருந்துதான் மேடம்."

"ஒரு வழிக்கு மூணு மணி அஞ்சு நிமிஷம்னு கீது." அவசரத்தில் அவர் பேச்சு வீட்டுப் பேச்சாகிவிடும். உடனே திருத்திக்கொள்வார். "மூணு மணி நேரம்னு இருக்கு. நான் அங்கதான் குடியிருக்கேன். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மழைன்னா ரெண்டு. மூணு மணி நேரம் பஸ்ல உட்கார்ந்தா விழுப்புரம் போயிடலாம் மேடம்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான். கணக்குத் தெரியாதவர் கணக்கில் குறை சொல்கிறாரே என்று. ஃபைலைத் திறந்து, பயண நேரம் இருந்த நெடுவரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினேன். அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு, நூற்றிருபது என்று போய்க்கொண்டே வந்து, கடைசியில் திடீரென்று 999, 999, 999. நாற்பது வரிகளுக்கு 999.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேள்வித்தாளில் பதில் எண்ணாக இல்லாவிட்டால் அந்த இடத்தில் 999 போடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அப்படிப் போட்டபின், 'இது உண்மையான எண் இல்லை, கணக்கில் சேர்க்காதே' என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது நாற்பது பெண்கள் பதினாறு மணி நேரத்துக்கும் மேலாகப் பஸ்ஸில் போவதாக எடுத்துக்கொள்ளும். நான் சொல்ல மறந்திருந்தேன். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. ஃபைலின் மூலையில் என் பெயரின் முதலெழுத்து இருந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றேன். "மத்தியானத்துக்குள்ள திருத்திக் கொடுத்துடறேன்."

அவர் கோபப்படவில்லை. பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். "எங்க கைடு சார் இந்த மூணு மணி நேரத்த ஒரு கருத்தரங்குல சொல்லிட்டாரு. எல்லாரும் ஆச்சரியமா கேட்டாங்களாம். இனிமே நான் போய் இல்ல சார்னு சொல்லணும். அவர் எப்படின்னு கேட்டா நான் என்ன சொல்றது? மேடம் திருத்திக் கொடுத்தாங்கன்னா?" பிறகு, "திருத்த வேணாம். எப்படிப் பண்றதுன்னு எனக்குக் காட்டுங்க" என்றார்.

இங்கே சொல்லிக்கொடுப்பதில்லை என்றேன். "அப்ப எங்க சொல்லிக் கொடுப்பீங்க?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா சினிமாவில் லைட்மேனாக இருந்தவர். முழங்கால் தேய்ந்ததும் நின்றுவிட்டார். என் வேலை அவருக்கு எப்போதுமே சரியாகப் புரிந்ததில்லை. அன்று முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தப் புஸ்தகத்துல உன் பேர் வருமா?" என்றார். வராது என்றேன். "நான் தூக்கிப் பிடிச்ச லைட்டுக்கே பேர் வராது. ஆனா லைட்ட நான்தான் பிடிச்சேன்னு செட்ல எல்லாருக்கும் தெரியும். நீ பண்றது யாருக்கும் தெரியக் கூடாதா?" என்றார். நான் எழுந்துபோய்க் காபி போட்டேன். ஆனால் மறுநாளே இடம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு ஹிந்தி டியூஷன் நடக்கும் மாடி அறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாக இருந்தது. அதை நடத்திய அம்மாளுக்கு என் அத்தையைத் தெரியும். ஃபேனும் லைட்டும் அணைத்துவிட்டுப் போக வேண்டும், கரும்பலகையில் இருக்கும் ஹிந்தி எழுத்துக்களை அழிக்கக் கூடாது, இரண்டே நிபந்தனை. அக்கா தனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் ஞாயிறு அக்காவோடு சேர்த்து ஆறு பேர் வந்தார்கள். எல்லாரும் பிஎச்.டி. பாதியில் இருப்பவர்கள். அதில் ஒருவர் பட்டினப்பாக்கத்தில் கரைக்கு வரும் மீன்களை எடை போட்டு ஆராய்கிறவர். இன்னொருவர் மயிலாப்பூரிலேயே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண்மணி. வயதானவர்களின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தார்.

நான் மூன்று வாரம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். சராசரி, விலக்கம், மணி மாதிரி வளைவு, எல்லாவற்றையும் ஹிந்தி எழுத்துக்களுக்குப் பக்கத்தில் மீதி இருந்த பலகையில் எழுதினேன். நன்றாகச் சொல்லிக்கொடுத்ததாகத்தான் நினைத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் ஐந்து பேர். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். அந்த மூன்று பேரில் பிசியோதெரபிஸ்ட் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"நீங்க சொல்றச்சே நன்னாப் புரியறது. ஆத்துக்குப் போய் லாப்டாப்பைத் திறந்தா எங்கே ஆரம்பிக்கறதுன்னே தெரியலை. தப்பா நினைச்சுக்காதீங்கோ."

பஸ்ஸில் திரும்பும்போது அவமானமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது கல்லூரிப் பலகையில் இல்லை. தி.நகர் ஆபீஸில், யாரோ ஒருவருடைய குப்பையான ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, தப்பு செய்து செய்து கற்றுக்கொண்டேன். இவர்களுக்கு மட்டும் ஏன் வளைவிலிருந்து ஆரம்பித்தேன்?

வராமல் போன மூவருக்கும் போன் செய்தேன். "இன்னும் ஒரே ஒரு வாரம் வாங்க. லாப்டாப்போட உங்க டேட்டாவையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். ஆறு பேரும் வந்தார்கள். அன்று பலகையைத் தொடவில்லை. 'ஆர்' என்று ஒற்றை எழுத்தில் பெயர் கொண்ட ஒரு புரோகிராமிங் மொழி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும். மவுசால் கிளிக் செய்வதற்குப் பதில், செய்ய வேண்டியதை வரி வரியாக எழுத வேண்டும். எழுதியது அப்படியே இருக்கும். நாளைக்கு யார் கேட்டாலும் இப்படித்தான் செய்தேன் என்று காட்டலாம். அதை எல்லாருடைய லாப்டாப்பிலும் ஏற்றினோம். அவரவர் ஃபைலை அவரவர் திறக்க வேண்டும். அக்காவின் ஃபைலை ஆபீஸிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். என்ன ஆனாலும் அடுத்தவர் கீபோர்டைத் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன்.

ஃபைலைத் திறப்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திகள். அக்கா பயந்துவிட்டார். "இன்னா மேடம், இப்படித் திட்டுது?"

"திட்டலைக்கா. சத்தமா படிங்க." அதற்குள் என் வாயில் மேடம் போய் அக்கா வந்துவிட்டிருந்தது.

எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் படித்தார். அவர் எழுதியதில் ஏழாவது வரியில் ஏதோ எதிர்பாராதது இருக்கிறதாம். ஏழாவது வரியைப் பார்த்தார். ஒரு கமா விட்டுப்போயிருந்தது. போட்டார். ஃபைல் திறந்தது. அவருடைய நானூற்றுச் சொச்சம் பெண்களும் வரிசையாகத் திரையில் வந்து நின்றார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் சேர்த்த விவரங்களை மொத்தமாக ஒரே இடத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேப்பராகக் கொடுத்தார், டேபிளாக வாங்கினார். நடுவில் இருந்ததை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

அதற்குப்பின் யாரும் வருவதை நிறுத்தவில்லை. மீன் ஆராய்ச்சிக்காரர் மூன்றாவது வாரமே தன் எடைகளில் ஒரு புள்ளி இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு மத்தி மீன் நாலரைக் கிலோ என்று இருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தோம். பிசியோதெரபிஸ்ட் வீட்டுப்பாடத்தை முதல் ஆளாக முடித்துவிட்டு மற்றவர்களுக்கு வாட்ஸாப்பில் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

அக்காவுக்கு நான் சொல்லியிருந்தது எளிது. அந்த 999-களை எல்லாம் காலி என்று மாற்றிவிடுங்கள், சராசரி சரியாகிவிடும். ஒரே வரி. அவர் அந்த வரியை எழுதினார், சராசரி ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. நான் கை தட்டினேன். அவர் தட்டவில்லை. முந்தின வாரம், குறிப்பிட்ட வரிகளை மட்டும் பிரித்து எடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்திருந்தேன். அதை வைத்து அந்த நாற்பது பேரைத் தனியாகப் பிரித்துத் திரையில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்களை எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். "இதுல ஏழு பேர் எங்க பிளாக். இவங்க பதில் சொல்லாம இருக்கறவங்க இல்லையே. நிறுத்துன்னாலும் நிறுத்தாம பேசறவங்க."

அடுத்த ஞாயிறு ஒரு கட்டைப் பை நிறைய கேள்வித்தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாற்பது தாள்களையும் பெஞ்சில் பரப்பினார். 'வேலைக்குப் போக எத்தனை நிமிடம்?' என்ற கேள்விக்கு எதிரே எண் எதுவும் இல்லை. ஆனால் ஓரத்தில் அவருடைய கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. 'இப்ப போறதில்ல.' 'விட்டாச்சு.' 'மாறி வந்த மூணு மாசத்துல நின்னுட்டாங்க.' ஒன்றல்ல, முப்பத்தைந்து தாள்களில். மீதி ஐந்துதான் நிஜமாகவே காலி.

எங்கள் ஆபீஸில் டேட்டா ஏற்றுகிறவர்களிடம், எண் இல்லாத இடத்தில் 999 போடச் சொன்னது நான். பிறகு, அதையும் அழித்துவிடுங்கள் என்று அக்காவிடம் சொன்னதும் நான். வேலையையே இழந்த முப்பத்தைந்து பெண்களை முதல் தடவை பதினாறு மணி நேரப் பயணிகளாக்கினேன். இரண்டாவது தடவை இல்லாமலே ஆக்கப் பார்த்தேன். இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். அக்கா, "விடுங்க. இப்ப பார்த்துட்டோமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கினார்.

அன்று அறையில் இன்னொன்றும் நடந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளை எடுத்துப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்காத்துலேயும் ஒரு அம்மா வேலை பண்ணிண்டிருந்தா. ஆத்தங்கரையிலேர்ந்து நடந்தே வருவா. வீடு மாத்தினப்புறம் பத்து நாள் வந்தா, அப்புறம் சொல்லாமலே நின்னுட்டா. பொறுப்பில்லைன்னு நாங்க எல்லாரும் கோச்சுண்டோம்."

அக்கா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "காலைல எத்தனை மணிக்கு வரச் சொல்வீங்க?"

"ஆறு மணிக்கு."

"அப்ப அவங்களால வந்திருக்க முடியாது. எங்க முதல் பஸ்ஸே மயிலாப்பூர் வர்றதுக்கு ஏழாயிடும்."

பிறகு அக்காவும் நானும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேள்வித்தாளில் ஒரு கேள்வி இருந்தது. 'இங்கே வருவதற்கு முன் வேலை காலை எத்தனை மணிக்குத் தொடங்கும்?' எல்லாரும் பதில் சொல்லியிருந்த கேள்வி. யாரும் அதை எடுத்துப் பார்க்கவேயில்லை.

அக்கா 'வேலையை விட்டார்' என்று ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து, எல்லாருக்கும் ஆம் அல்லது இல்லை என்று நிரப்பினார். பஸ்ஸில் உட்கார்ந்து லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தாளைப் பார்த்துச் சரிபார்த்துச் செய்ததாகச் சொன்னார். ஆம்-இல்லை என்ற பதிலுக்கு எந்தெந்தக் காரணங்கள் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்று ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அதை நான் எல்லாருக்குமாகக் கற்றுக்கொடுத்தேன். வயசு, படிப்பு, சின்னக் குழந்தை, கணவரின் வேலை, வேலை தொடங்கும் நேரம், எல்லாவற்றையும் அதில் போட்டார் அக்கா. அவருடைய கைடு உட்பட எல்லாரும் குழந்தைகள்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஓட்டிப் பார்த்தால், மற்றதெல்லாம் சத்தமில்லாமல் கிடக்க, வேலை தொடங்கும் நேரம் மட்டும் தனியாக எழுந்து நின்றது. ஏழு மணிக்கு முன்னால் தொடங்கும் வேலையில் இருந்தவர்கள்தான் விட்டிருந்தார்கள்.

அக்கா அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கைடு சாரிடம் போகும்போது துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். சார் முதலில் முகம் சுளித்திருக்கிறார். அந்த மூன்று மணி நேரத்தை மேடையில் சொன்னவர் அவர். "இதெல்லாம் யார் பண்ணிக் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். "நானே பண்ணேன் சார்" என்று அக்கா லாப்டாப்பைத் திருப்பி முதல் வரியிலிருந்து காட்டியிருக்கிறார். 999 எங்கே வந்தது, எப்படிப் பிரித்தது, தாள்களில் பென்சிலால் எழுதியது என்ன, ஒவ்வொன்றாக. ஒரு மணி நேரம் ஆயிற்றாம். கடைசியில் சார், கருத்தரங்கு நடத்தியவர்களுக்குத் தானே திருத்தம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார். அந்தச் செய்தியைக் கேட்டபோது அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

தீசிஸின் தலைப்பு மாறியது. நான்காவது அத்தியாயம் முழுக்க அக்கா எழுதியது. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, நாள் குறித்தார்கள்.

அடையாறு பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ஒரு கருத்தரங்க அறை. வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். எங்கள் ஞாயிறு வகுப்பில் மீதி ஐந்து பேரும், நானும் ஒரு வரிசையில். எங்களுக்குப் பின்னால் அக்காவின் பிளாக்கிலிருந்து ஐந்து பெண்கள், நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு. பென்சிலில் எழுதப்பட்டவர்களில் மூன்று பேர் அவர்களில் இருந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு பெண் பேராசிரியர். நரைத்த தலை, குறைவான பேச்சு.

அக்கா அரை மணி நேரம் பேசினார். அவருடைய ஆங்கிலம் இடையிடையே தடுக்கும். நின்று, மூச்சு விட்டு, தொடர்ந்தார். முடித்ததும் தேர்வாளர் கேட்டார்.

"வேலை நேரம்தான் காரணம் என்கிறீர்கள். ஆனால் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள்தானே காலை வேலையை முதலில் விடுவார்கள்? அவர்களை முழுக்க நீக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் முடிவு நிற்குமா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் நாங்களே எழுதிக்கொடுப்போம். 'நல்ல யோசனை, வருங்கால ஆய்வில் கவனத்தில் கொள்ளப்படும்.' அக்கா ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தார். பிறகு, "இப்பவே பார்க்கலாமா மேடம்?" என்றார்.

தேர்வாளர் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "பாருங்கள்."

பெரிய திரையில், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், அக்கா எழுத ஆரம்பித்தார். ஐந்து வயசுக்குக் கீழே குழந்தை இல்லாதவர்களை மட்டும் எடு. ஓட்டினார். ஓடவில்லை. திரையில் பிழைச் செய்தி. அறையே அமைதியானது.

எனக்குப் பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "இன்னாத்துக்கு அல்லாரும் கம்முனு கீறாங்க?"

அக்கா அந்தச் செய்தியை வாய்விட்டுப் படித்தார். அடைப்புக்குறி ஒன்று மூடவில்லை. மூடினார். மறுபடி ஓட்டினார். எண்கள் வந்தன. வேலை தொடங்கும் நேரம் அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில், அசையாமல் நின்றது.

"சின்னக் குழந்தை இல்லாதவங்களும் விட்டிருக்காங்க மேடம்" என்றார் அக்கா, தமிழில். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர்களை நீக்கிவிட்டால்?" அக்கா எழுதினார், ஓட்டினார், நின்றது. "வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் பார்த்தால்?" எழுதினார், ஓட்டினார், நின்றது. நான்காவது கேள்வியில் அது கொஞ்சம் தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவர்களை மட்டும் எடுத்தபோது, ஆட்கள் மிகவும் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இதுல என்னால சொல்ல முடியாது மேடம்" என்று அக்கா நேராகச் சொன்னார். தேர்வாளர் முதல் தடவையாகச் சிரித்தார். "இத்தனை வருஷத்தில் என் கேள்விக்கு என் கண் முன்னாலேயே பதில் கண்டுபிடித்தவரை இன்றுதான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்.

மீன் ஆராய்ச்சிக்காரர் விசிலடித்தார். பல்கலைக்கழக அறையில் அது அடிக்கக் கூடாததுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவரும் அழுதுகொண்டு.

வைவா முடிந்தால் சமோசாவும் காபியும் கொடுப்பது வழக்கம். வராந்தாவில் பேப்பர் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, பிளாக்கிலிருந்து வந்த பெண்களில் மூத்தவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா கண்டுபிடிச்ச? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"காலைல சீக்கிரம் பஸ் இல்லாததாலதான் உங்களுக்கெல்லாம் வேலை போச்சுன்னு நிரூபிச்சிருக்கேன்க்கா."

"இத்த நாங்க அன்னிக்கே உன்கிட்ட சொன்னமே."

"சொன்னீங்க. நான்தான் 'விட்டாச்சு'ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தேன். இன்னிக்குத்தான் அவங்களும் ஒத்துக்கினாங்க."

புள்ளியியல் எதையும் நிரூபிப்பதில்லை, சுட்டிக்காட்டத்தான் செய்யும். நிரூபித்தது என்ற சொல்லைப் புள்ளியியல் படித்தவளாக நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. இன்னொரு சமோசா எடுத்துக்கொண்டேன்.

அந்த அத்தியாயத்தின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, சார் கையெழுத்தோடு, பஸ் விடும் அலுவலகத்துக்கு அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் வந்தது. அதற்குமேல் இதுவரை ஒன்றும் இல்லை. அக்கா மாதம் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.

வைவா நடந்து இரண்டு வாரம் கழித்துக் கைடு சார் எனக்குப் போன் செய்தார். துறையில் எல்லா ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இதை ஒரு பாடமாக நடத்த முடியுமா என்று கேட்டார். ஒரு பருவம் முழுக்க, வாரம் இரண்டு நாள், கம்ப்யூட்டர் லேபில். முடியும் என்றேன். ஒரு நிபந்தனை சொன்னேன். வருகிறவர்கள் தங்கள் சொந்த டேட்டாவைக் கொண்டுவர வேண்டும், அதோடு நிரப்பிய கேள்வித்தாள்களில் பத்தையாவது. ஆபீஸில் ராஜினாமா கொடுத்தேன். முதலாளி நல்லவர்தான். வருத்தப்பட்டார், கேசரி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

முதல் நாள் இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். முப்பத்தைந்து பேர் வந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தோம். அக்கா, இப்போது டாக்டர், பின் வரிசைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். யாருக்காவது சிக்கினால் போய்ப் பக்கத்தில் நின்று, "படிங்க, என்ன சொல்லுதுன்னு சத்தமா படிங்க" என்பார்.

வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் கவனித்தேன். முதல் வரிசையின் ஓரத்தில், மாணவர்களோடு மாணவராக, கைடு சார் உட்கார்ந்திருந்தார். மேசையில் புது லாப்டாப், பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்ட பழைய கேள்வித்தாள் கட்டு. ஓரம் பழுப்பேறியிருந்தது. என்ன சார் என்று கேட்டேன்.

"என்னோட தீசிஸ் டேட்டா" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப வேற ஒருத்தர்தான் ஓட்டிக் கொடுத்தாரு. உள்ள என்ன இருக்குன்னு நானே பார்க்கலாம்னு வந்தேன்."

அவர் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன். முப்பத்தாறு பேர். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஃபைலைத் திறங்கள் என்றேன்.